மண்ணுக்கு நாடி பார்ப்பவர்கள்: பொம்மையார்பாளையத்து ஓடையை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

ஐப்பசி கார்த்திகையில் மழை கனத்தால் பொம்மையார்பாளையத்தில் கடல் சிவக்கும். மேற்கே ஆரோவில் மேட்டிலிருந்து இறங்கும் தண்ணீர் ஓடைகளை அறுத்துக்கொண்டு வந்து, கிழக்குக் கடற்கரைச் சாலையைக் கடந்து, குப்பத்தை ஒட்டிக் கடலில் விழும். கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய ஐம்பது மீட்டர் உயரம் அந்த மேடு. சில கிலோமீட்டருக்குள் அவ்வளவு உயரத்தையும் இறங்கித் தீர்த்தாக வேண்டும் என்பதால் தண்ணீருக்கு அவசரம் அதிகம். இப்போது முன்னளவுக்கு இல்லை என்று ஊரில் சொல்கிறார்கள். ஆனாலும் பிளந்து கிடக்கும் செம்மண் பள்ளங்கள் அப்படியேதான் இருக்கின்றன. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அவற்றின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஊர்க்காரர்களுக்கு அது ஒரு காலத்தில் யாரோ ஓட்டிய கொல்லை.

இந்தச் சிவப்புத் தண்ணீரை ஆளுக்கொரு விதமாக வாசிக்கிறார்கள். வேளாண் துறையின் மொழியில் அது 'மேல்மண் இழப்பு'. சூழலியலாளருக்குக் காடழிப்பின் சாட்சியம். மேட்டில் மல்லாட்டை போட்டவருக்குச் சித்திரையில் வண்டி வைத்து அடித்த குப்பை. குப்பத்துக்காரருக்கு வலை இறக்க முடியாத இரண்டு நாள். ஒரே பிரதி, நாலு வாசிப்பு. ஆனால் இந்த நாலில் அச்சுக்கு வருவதும், திட்ட அறிக்கையாவதும், நிதி பெறுவதும் முதல் இரண்டு மட்டும்தான்.

தமிழில் 'மண்' என்ற சொல்லே வழுக்குகிற சொல். உழுகிற புழுதி மண். பேச்சு வழக்கில் கடற்கரை மணலும் மண்தான். பிறந்த ஊர் மண். ஆண்ட நாடு மண். எல்லாம் தொலைந்தால் 'மண்ணாப் போச்சு'. செத்தவர் மேல் கடைசியாகப் போடுவதும் ஒரு கைப்பிடி அதுதான். அரசியலில் 'மண்ணின் மைந்தர்'; இலக்கிய விமரிசனத்தில் வட்டார எழுத்துக்கு நாம் ஒட்டிய முத்திரை 'மண்வாசனை'. இத்தனை காலம் மண்ணை மோந்து மோந்து பாராட்டிய நம் விமரிசனம், அந்த மண் யார் பேரில் பட்டா என்று கேட்டது அபூர்வம். மண்வளப் பாதுகாப்பைப் பற்றிப் பேசுகிற நிபுணர்களிடமும் இதே மௌனம் நிலவுகிறது என்பதும், இரண்டு மௌனமும் ஒன்றுக்கொன்று உறவு என்பதும்தான் இக்கட்டுரையின் தொடக்கம்.

சில வருஷங்களுக்கு முன் இந்தப் பகுதியில் ஒரு ஊரில் விவசாயிகளுக்கான பயிற்சி முகாம் ஒன்றில் உட்கார்ந்திருந்தேன். நடத்தியவர்கள் பெயர் இங்கே வேண்டாம். யாராக இருந்தாலும் அப்படித்தான் நடந்திருக்கும். மண் மாதிரி எப்படி எடுப்பது என்று காட்டினார்கள். செருகு ஆங்கில எழுத்து 'வி' மாதிரி குழி, பதினைந்து சென்டிமீட்டர் ஆழம், வயலில் குறுக்கும் நெடுக்குமாகப் பல இடத்தில். எல்லாவற்றையும் கலந்து, நாலாகப் பிரித்து, எதிரெதிர்ப் பாகங்களைத் தள்ளி, கடைசியில் அரைக் கிலோ. நன்றாகவே சொல்லிக்கொடுத்தார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு அம்மா எழுந்து கேட்டார்: "குத்தகைக்கு ஓட்றவங்களுக்கும் அட்ட குடுப்பீங்களா சார்?" "சர்வே நம்பர், சிட்டா நகல் கொண்டு வாங்கம்மா, பாக்கலாம்." "அது அவுங்க வூட்ல இல்ல இருக்கு." அவ்வளவுதான். சுண்டலும் டீயும் வந்தது. முகாம் அறிக்கையில் இந்தக் கேள்வி பதிவாகியிருக்காது என்று நிச்சயமாகச் சொல்லலாம். அறிக்கையின் படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது.

2

'மண் ஆரோக்கியம்' என்பது உருவகம் என்பதை நாம் மறந்துவிட்டோம். உருவகம் என்று மறந்துபோன உருவகத்துக்குத்தான் பலம் அதிகம். மண்ணை ஒரு உடம்பாகப் பார்த்தவுடன் அதற்கு நோய் உண்டாகிறது; நோய்க்குப் பரிசோதனை, பரிசோதனைக்குக் கூடம், கூடத்துக்கு நிபுணர், நிபுணர் கையில் மருந்துச் சீட்டு. இந்த ஆஸ்பத்திரிக்குள் விவசாயி யார்? நோயாளி மண் என்றால் இவர் நோயாளியைக் கூட்டிவந்த சொந்தக்காரர். கொஞ்சம் அலட்சியக்காரச் சொந்தக்காரர். 'ஏம்பா இத்தனை நாள் கவனிக்காம விட்டே?' என்கிற தொனி இந்தச் சொல்லாடலின் ஒவ்வொரு வரியிலும் கேட்கிறது.

மருத்துவமனையின் பிறப்பைப் பற்றி 1963இல் எழுதிய ஃபூக்கோ, நோயாளி தன் கதையைச் சொல்லக் கேட்பதிலிருந்து உடம்பில் நோயின் இடத்தைத் தேடுவதற்கு மருத்துவத்தின் பார்வை எப்படி நகர்ந்தது என்று காட்டினார். நோயாளி பேசத் தேவையில்லாத ஒரு பார்வை அது. 2015 பிப்ரவரி 19 அன்று ராஜஸ்தானத்தில் சூரத்கரில் தொடங்கப்பட்ட மண்வள அட்டைத் திட்டத்தை இந்த வெளிச்சத்தில் பார்க்கலாம். அட்டையில் பன்னிரண்டு அளவைகள்: தழை, மணி, சாம்பல், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், கார அமில நிலை, மின்கடத்தும் திறன், அங்ககக் கரிமம். ஒவ்வொன்றுக்கும் எண், எண்ணுக்குப் பக்கத்தில் குறைவு, நடுத்தரம், அதிகம். அதற்குக் கீழே உரப் பரிந்துரை.

இதை ஏளனம் செய்வது என் நோக்கமல்ல. துத்தநாகம் குறைந்தால் நெல் பழுப்பேறும் என்பது ஏகாதிபத்தியச் சதி இல்லை. ஆனால் இந்தப் பன்னிரண்டில் எது இல்லை என்றும் பார்க்க வேண்டும். தண்ணீர் எவ்வளவு வேகமாக உள்ளே இறங்குகிறது என்பது இல்லை. மண்புழு இல்லை. மேல்மண் எத்தனை அங்குலம் மிச்சமிருக்கிறது என்பது இல்லை. பொம்மையார்பாளையத்து மேட்டில் பிரச்சினையே மண் ஓடிப்போவதுதான். அட்டையோ மிச்சமிருக்கும் மண்ணில் என்ன உப்பு இருக்கிறது என்று சொல்கிறது. வீடு இடிந்துகொண்டிருக்கும்போது வந்து சுவர்ச் சுண்ணாம்பைப் பரிசோதித்தது போல.

இன்னொன்று. இறவை நிலத்தில் இரண்டரை ஹெக்டேருக்கு ஒரு மாதிரி, மானாவாரியில் பத்து ஹெக்டேருக்கு ஒரு மாதிரி என்று கட்டம் போட்டு எடுப்பதாகத் திட்டம் வகுக்கப்பட்டது. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு நில உடைமையின் சராசரி 0.75 ஹெக்டேர். அதாவது மானாவாரியில் ஒரே அரைக் கிலோ மண் பத்துப் பதிமூன்று பேருடைய நிலத்துக்காகப் பேசுகிறது. ஓடைக்கரை நிலத்துக்கும் மேட்டு நிலத்துக்கும் ஒரே நாடி. அட்டையில் அச்சாகியிருப்பது தனி நபரின் பெயர். எண்களோ ஒரு சதுரத்தின் சராசரி. 'உங்கள் மண்' என்று அது நம்மிடம் பேசும்போது அந்த 'உங்கள்' ஒரு இலக்கணப் பாவனை.

மின்கடத்தும் திறன் என்ற அளவையை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்கலாம். உப்பைக் காட்டுவது அது. இதே கரையில் வடக்கே மரக்காணத்தில் உப்பு என்பது விளைச்சல். பாத்தி கட்டி, வெயில் காய வைத்து, வாரிக் குவித்து விற்கிறார்கள். அதே உப்பு கிணற்றில் ஏறினால் கழனிக்காரருக்கு நோய். ஏறுவதற்குக் காரணம் கடலோரத்தில் நன்னீரை அளவுக்கு மேல் இறைப்பது. சிறு விவசாயிகளுக்கு 1984இலும் எல்லா விவசாயிகளுக்கும் 1990இலும் பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம் வந்தது. அதை ஒரு உரிமையாகப் போராடி வாங்கியவர்களின் வரலாறு தனி. ஆனால் ஆழ்துளைக் கிணறு போடக் காசுள்ளவர் கீழே கீழே போக, வெட்டுக்கிணறுக்காரர் கிணறு வற்றியது. அட்டை காட்டும் எண்ணுக்குப் பின்னால் இந்தக் கதை இருக்கிறது. எண்ணில் அது தெரியாது. எண் 'அதிகம்' என்று மட்டும் சொல்லும்.

3

'விவசாயிக்கு விழிப்புணர்வு இல்லை' என்ற வாக்கியத்துக்கு வயது அதிகம். சென்னைக்குப் பக்கத்தில் சைதாப்பேட்டையில் 1865இல் அரசுச் சோதனைப் பண்ணை தொடங்கியபோது நீராவிக் கலப்பை முதலிய சாமான்களைச் சீமையிலிருந்து கொண்டுவந்தார்கள். நம்ம ஊர் மரக்கலப்பை மண்ணைச் 'சுரண்டுகிறது' என்பது அன்றைய முடிவு. ஆழ உழுதால்தான் விவசாயம். ஏழை மண்ணில் ஆழ உழுதால் ஈரம் போய்விடும் என்று ஓட்டுகிறவனுக்குத் தெரிந்திருந்தது. அவனை யார் கேட்டது?

வேடிக்கை என்னவென்றால், கேட்டவர் ஒருவரும் இருந்தார். 1889இல் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட வேளாண் வேதியியலாளர் ஜான் அகஸ்டஸ் வோல்கர் ஊர் ஊராகப் போய் 1893இல் வெளியான தன் அறிக்கையில், இந்திய விவசாயி பிரிட்டிஷ் விவசாயிக்குச் சற்றும் குறைந்தவரல்ல, சில விஷயங்களில் மேலானவர் என்று எழுதினார். சாணியை எருவாக்காமல் எரிக்கிறார்களே, என்ன அறியாமை என்ற வழக்கமான புகாரை அவர் எடுத்துக்கொண்ட விதம் முக்கியமானது. விறகு கிடைக்கிற இடத்தில் சாணி நிலத்துக்குப் போகிறது. விறகு கிடைக்காத இடத்தில் அடுப்புக்குப் போகிறது. ஆகவே விவசாயிக்குப் புத்தி சொல்வதைவிட விறகுக்கும் தீவனத்துக்கும் வழிசெய்வது அவசியம் என்பது அவர் தர்க்கம். மண்ணின் சத்துக்கும் காட்டு நிர்வாகத்துக்கும் உள்ள உறவை ஒரு காலனிய அதிகாரியே பார்த்துவிட்டார். நாம் சுதந்திரம் வாங்கிய பிறகும் பார்க்க மறுக்கிறோம்.

1930களில் அமெரிக்கச் சமவெளியில் புழுதிப் புயல் அடித்ததையும், அங்கே 1935இல் மண் பாதுகாப்புக்கென்று தனித் துறையே உருவானதையும் தொடர்ந்து, 'மண் அரிப்பு' உலகளாவிய பீதியாயிற்று. ஆப்பிரிக்கக் காலனிகளில் அது கட்டாய வேலையாக இறங்கியது. கென்யாவில் முராங்காப் பகுதியில் கட்டாயமாக வரப்பும் படிக்கட்டு நிலமும் வெட்டச் சொன்னதை எதிர்த்து 1940களின் கடைசியில் பெண்கள் கிளர்ந்தார்கள். மண்ணைக் காப்பதை அவர்கள் எதிர்க்கவில்லை. நல்ல நிலத்தை வெள்ளைக்காரக் குடியேறிகள் எடுத்துக்கொண்டு, மிச்சச் சரிவில் தங்களை நெருக்கிவிட்டு, பிறகு அந்தச் சரிவைக் காப்பாற்றும் கூலியில்லா வேலையையும் தங்கள் முதுகில் ஏற்றியதை எதிர்த்தார்கள். பியர்ஸ் பிளெய்க்கி 1985இல் எழுதிய மண் அரிப்பின் அரசியல் பொருளாதாரம் பற்றிய நூல் இந்த வகைச் சம்பவங்களிலிருந்துதான் தன் கேள்வியைக் கட்டுகிறது. மண் ஏன் அரிக்கிறது என்பதைச் சரிவின் கோணத்தில் மட்டும் தேடினால் போதாது. அந்தச் சரிவில் அந்த மனிதர் ஏன் உழ நேர்ந்தது என்று தேட வேண்டும்.

உரத்தையே எடுத்துக்கொள்வோம். யூரியாவை அள்ளிப் போட்டு மண்ணைக் கெடுக்கிறார்கள் என்று எல்லா முகாமிலும் சொல்கிறார்கள். 1992 ஆகஸ்டில் மணிச்சத்து, சாம்பல்சத்து உரங்களின் விலைக் கட்டுப்பாட்டை அரசு நீக்கியது, யூரியாவுக்கு நீக்கவில்லை. 2010இல் ஊட்டச்சத்து அடிப்படையிலான மானியம் வந்தபோதும் யூரியா அதற்கு வெளியேதான் வைக்கப்பட்டது. ஒன்று மலிவு, மற்றது விலை ஏறியது. கடைக்குப் போகும் ஆள் எதை வாங்குவார்? தழைச்சத்து மிகுந்து மற்றவை குறைந்த வயல் என்பது டெல்லியில் எடுத்த முடிவு நம்ம ஊர்க் கொல்லையில் எழுதிய கையெழுத்து. அட்டை அந்தக் கையெழுத்தைப் படித்து, விவசாயியைத் திருத்தப் பார்க்கிறது.

4

இனி இந்த ஊரின் தனிக் கதைக்கு வருவோம். பொம்மையார்பாளையத்துக்கு மேற்கே இரும்பையில் ஒரு சிவன் கோயில். அதன் லிங்கம் உடைந்து, செப்புத் தகட்டால் சேர்த்துக் கட்டப்பட்டிருக்கிறது. அதற்கு ஒரு கதை உண்டு. கடுவெளிச் சித்தர் அரசமரத்தடியில் தவமிருந்தார். தவத்தின் சூட்டில் மழை பொய்த்தது. ராஜா கவலைப்பட்டான். வள்ளி என்ற கோயில் நடனப் பெண், உதிர்ந்த இலையைச் சித்தர் எடுத்துத் தின்பதைப் பார்த்து, கையில் அப்பளத்தை வைத்து, மெல்ல மெல்ல அவரைத் தவத்திலிருந்து மீட்டாள். மழை வந்தது. கோயிலில் விழா. ஆடும்போது அவள் கால் சலங்கை கழன்று விழ, சித்தர் எடுத்துக் கட்டிவிட்டார். கூட்டம் சிரித்தது. சித்தர் சினந்து பாட, லிங்கம் வெடித்துச் சிதறியது. துண்டுகள் விழுந்த இடத்தில் புல் முளைக்கவில்லை. ராஜா காலில் விழ, சித்தர் சொன்னாராம்: நடந்தது நடந்துவிட்டது, பின்னொரு காலத்தில் தூர தேசத்திலிருந்து ஆட்கள் வந்து இந்த வறண்ட பூமியைப் பச்சையாக்குவார்கள்.

1968 பிப்ரவரி 28 அன்று ஆரோவில் தொடங்கியது. கதையின் கடைசி வரி யாருக்குப் பொருந்துகிறது என்று விளக்கத் தேவையில்லை. ஆரோவில் பற்றிய நூல்களும் சிற்றேடுகளும் இந்தக் கதையை விரும்பிச் சொல்கின்றன.

கதையைப் பொய் என்று தள்ளுவது சோம்பேறித்தனம். ஒரு கதையாடலாக அது என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். முதலில், நிலம் கெட்டதற்குக் காரணம் சாபம். ஆகவே வரலாறு தேவையில்லை. காட்டை யார் வெட்டினார்கள், எந்த வரிக்காக உழுதார்கள், எந்தச் சந்தைக்காக மல்லாட்டையும் முந்திரியும் போட்டார்கள் என்ற கேள்விகள் எழாமலே அடங்கிப்போகின்றன. இரண்டாவது, சிரித்த கூட்டத்துக்குத்தான் தண்டனை. உள்ளூர்ச் சனம் ஏற்கெனவே குற்றவாளி. மூன்றாவது, மீட்பு வெளியிலிருந்து வரும். நான்காவதாக, கதையில் உண்மையாகவே வேலை செய்த ஒரே ஆள் வள்ளி. மழையைக் கொண்டுவந்தது அவள் கையிலிருந்த அப்பளம். தீர்க்கதரிசனத்தில் அவளுக்கு இடமில்லை. இப்பகுதியில் குப்பைக் கூடை சுமந்தும் களையெடுத்தும் மண்ணை வைத்திருக்கிற பெண்களுக்கு அட்டையில் பெயரில்லாததை நினைத்துக்கொண்டு இந்தக் கதையைத் திரும்ப வாசித்தால் வேறு மாதிரி இருக்கிறது.

இவ்வளவு சொல்லிவிட்டு மறுபக்கத்தைச் சொல்லாமல் போவது நேர்மையாகாது. ஆரோவில் மேட்டில் மரம் வளர்ந்தது. வரப்புப் போட்டுத் தண்ணீரைத் தேக்கி, ஓடைகளுக்குக் குறுக்கே அணைகட்டி, முதலில் ஆஸ்திரேலிய அகேசியா மாதிரி எதையும் தாங்கும் மரத்தை வைத்து நிழல் உண்டாக்கி, பிறகு இந்தக் கரைக்கே உரிய உலர் பசுமைமாறாக் காட்டின் மரங்களைக் கொண்டுவந்தார்கள். இருபது லட்சத்துக்கு மேல் மரங்கள் என்று அவர்கள் கணக்கு. எண்ணிக்கை எப்படியிருந்தாலும் கண்ணுக்குக் காடு தெரிகிறது. 1990களில் பால்மைரா, ஹார்வெஸ்ட் போன்ற ஆரோவில் அமைப்புகள் மேட்டை விட்டு இறங்கி, கழுவெளியைச் சுற்றிய ஊர்களில் வரப்பு, ஏரிச் சீரமைப்பு என்று விவசாயிகளோடு வேலை செய்தன. இது நடந்தது, பயனும் இருந்தது.

மேட்டில் முடிந்தது ஏன், பக்கத்து ஊர்க் கொல்லைகளில் அந்த அளவுக்கு முடியவில்லை ஏன் என்பதுதான் கேள்வி. மேட்டில் இருந்தவர்கள் அதிக அறிவாளிகள் என்பது ஒரு பதில். எனக்கு அது போதவில்லை. மேட்டு நிலம் துண்டு துண்டாக விற்கப்பட்டு ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்தது. ஒரு சரிவு முழுவதையும் ஒரே உடம்பாகப் பார்க்க அவர்களால் முடிந்தது, அது ஒரே கையில் இருந்ததால். அந்த ஆண்டு விளைச்சலை நம்பி அவர்கள் அடுப்பு எரியவில்லை என்பதால் பத்து வருஷம் காத்திருக்கவும் முடிந்தது. அந்த வரப்புகளை வெட்டியதில் குயிலாப்பாளையம், இடையஞ்சாவடி, ஆலங்குப்பம், பொம்மையார்பாளையம் போன்ற ஊர்களின் கூலிக் கைகள் உண்டு. தன் நிலத்தில் வரப்புப் போட முடியாதவர் இன்னொருவர் நிலத்தில் நாள்கூலிக்குப் போட்டார். அறியாமையா இது?

வரலாற்றின் நகைச்சுவை இன்னும் இருக்கிறது. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஆரோவில் நிலம் ஒரு அறக்கட்டளையிடம் போனது. 2021 டிசம்பரில் வட்டச் சாலைக்காக மரங்கள் சாய்க்கப்பட்டபோது, அவற்றை நட்டு வளர்த்தவர்களில் பலர் குறுக்கே நின்றார்கள். வளர்த்த கை வேறு, உரிமை வேறு என்று அன்றைக்கு அவர்களுக்கும் தெரிந்தது. பக்கத்துச் சேரியில் இதைத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

5

மண் பாதுகாப்பில் 'சமமட்ட வரப்பு' என்று ஒன்று உண்டு. சரிவில் ஒரே உயரமுள்ள புள்ளிகளை இணைத்து வளைந்து வளைந்து போகும் கோடு அது. தண்ணீரின் வேகத்தை மறிக்க அதுதான் சரியான கோடு. ஆனால் நிலத்தில் ஏற்கெனவே வேறொரு கோடு கிடக்கிறது, சர்வே கல் நட்ட எல்லைக் கோடு. முதல் கோட்டை வரைந்தது தண்ணீர். இரண்டாவதை வரைந்தது சொத்து. இரண்டும் சேர்வது அபூர்வம். சமமட்ட வரப்பு ஒருவர் நிலத்தைக் கோணல்மாணலாக வெட்டும். ஒருவர் பக்கம் தண்ணீர் நிற்கும், மற்றவர் பக்கம் வண்டல் சேரும். அதிகாரிகள் போட்ட சமமட்ட வரப்புகளை அடுத்த உழவிலேயே விவசாயிகள் கரைத்துவிட்டார்கள் என்ற புகார் இந்தியாவின் பல மானாவாரிப் பகுதிகளிலும் கேட்டதுதான். எல்லையில் போடும் வரப்பை மட்டும் யாரும் கரைப்பதில்லை. மேலே இருப்பவரின் இழப்பு கீழே இருப்பவரின் வண்டல் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஓடைக்குக் குறுக்கே கல்லடுக்கி வருகிற மண்ணைப் பிடித்துக் கழனியாக்குவது நம் உழவர்கள் நெடுங்காலமாகச் செய்துவந்தது. அரிப்பு என்பது யார் நின்று பார்க்கிறார் என்பதைப் பொறுத்தது.

கடற்கரைக்குப் போனால் இது இன்னும் தெளிவாகும். இந்தக் கரையில் வருஷத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்காக நகர்கிறது. புதுச்சேரித் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்கள் 1989வாக்கில் முடிந்த பிறகு தெற்கே மணல் சேர்ந்தது, வடக்கே கரை போனது. நகரத்துக் கடற்கரையைக் கல்லைக் கொட்டிக் காத்தார்கள். அரிப்பு அதற்கும் வடக்கே உள்ள குப்பங்களை நோக்கி நகர்ந்தது. வலை காயப்போட்ட இடம், கட்டுமரம் ஏற்றிய இடம், பிறகு வீடு. மீனவருக்கு யாரும் 'மண்வள விழிப்புணர்வு' முகாம் நடத்தவில்லை. ஏனென்றால் இங்கே மண் போனதற்கு மீனவரின் அறியாமையைக் காரணம் சொல்ல வழியில்லை. அதே ஊரில், சாலைக்கு மேற்கே மண் போனால் விவசாயிக்குப் புத்தி சொல்கிறோம். கிழக்கே போனால் கல்லைக் கொட்டுகிறோம்.

குத்தகைக்கு வருவோம். அந்த அம்மாவின் கணக்கு எளிமையானது. தொழுவுரம் போட்டால் பலன் தெரிய இரண்டு மூன்று வருஷம். குத்தகையோ வாய்ப்பேச்சு, வருஷத்துக்கு வருஷம். மண் தேறினால் குத்தகை ஏறும், அல்லது நிலம் கைமாறும். 1990களின் கடைசியில் கிழக்குக் கடற்கரைச் சாலை அகலமான பிறகு இந்தப் பக்கம் கொல்லைகள் பிளாட்டானதை எல்லோரும் பார்த்தார்கள். பிளாட்டாகப் போகிற மண்ணில் யார் வண்டல் அடிப்பார்? மூட்டை உரம் வாங்கிப் போட்டு, இந்தப் போகத்தில் எடுக்க முடிந்ததை எடுப்பதுதான் அவருடைய நிலைமையில் அறிவுள்ள காரியம். நிபுணர் அதை அறியாமை என்கிறார்.

1969இலேயே குத்தகைதாரரின் பெயரைப் பதிவு செய்யச் சட்டம் வந்தது. இருந்தும் குத்தகைகளில் பெரும்பாலானவை வாய்மொழியாகவே தொடர்கின்றன, பதிவு கேட்டால் நிலம் கிடைக்காது என்ற பயத்தால். 2017இல் ஏரி வண்டலை விவசாயிகள் இலவசமாக எடுக்கலாம் என்று தமிழக அரசு அனுமதித்தது நல்ல காரியம். அதற்கும் நில ஆவணம் காட்ட வேண்டும். 2019இல் தொடங்கிய பிரதமர் கிசான் நிதி வருஷத்துக்கு 6,000 ரூபாயும் நில உடைமையாளருக்கே. சிட்டா என்ற ஒற்றைத் தாள்தான் 'விவசாயி' என்ற தன்னிலையை உற்பத்தி செய்கிறது. உழுகிறவர் அதற்கு வெளியே நிற்கிறார்.

இதன் ஆழமான அடுக்கு சாதி. செங்கல்பட்டு ஆட்சியர் டிரமன்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையின் விளைவாக 1892இல் தலித்துகளுக்கு நிலம் ஒதுக்கும் ஆணை வந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் அழைப்பது அது. சென்னை மாகாணம் முழுவதிலும் பன்னிரண்டு லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படுகிறது. கிடைத்தது பெரும்பாலும் தரிசு. கல் பொறுக்கி, முள் வெட்டி, குப்பை சுமந்து அதை நிலமாக்கினார்கள். நிலமான பிறகு அது கைமாறியது; வேறு சாதிக்கு மாற்றக் கூடாது என்ற விதி தாளில் இருந்தது. அதை மீட்கக் கேட்டு எழுந்த போராட்டத்தில் 1994 அக்டோபரில் காரணையில் துப்பாக்கிச் சூடு நடந்து ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தார்கள். மண்ணைத் திருத்தியவர்களின் வரலாறு எழுதப்படுமானால் அது பஞ்சமி நிலத்திலிருந்து தொடங்க வேண்டும். எந்த மண்வளப் பாடநூலிலும் அப்படி ஒரு அத்தியாயத்தை நான் பார்த்ததில்லை.

6

'அப்படியானால் நம்ம பாரம்பரியத்துக்குத் திரும்பலாமே' என்று ஒரு குரல் உடனே வரும். இந்தக் குரலுக்குத் தமிழில் மதிப்பான ஆள் நம்மாழ்வார். 1960களில் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்து, மானாவாரி விவசாயியால் வாங்க முடியாத இடுபொருளை வைத்து ஆராய்ச்சி செய்வதில் அர்த்தமில்லை என்று வெளியேறியவர். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் உப்பேறிய வயல்களைத் தக்கைப்பூண்டு முதலியவற்றை வைத்து மீட்கும் வேலையில் நின்றவர். 2013 டிசம்பர் 30 அன்று இறக்கும்வரை ஊர் ஊராகப் போய்ப் பேசினார். அவர் பேச்சின் சிறப்பு, விவசாயியை முட்டாளாக்காதது. அதை யாரும் மறுக்க முடியாது.

ஆனால் அவருக்குப் பின்னால் பெருகிய இயற்கை விவசாயச் சொல்லாடல் 'முன்னோர் அறிவு' என்று ஒன்றைக் கட்டமைக்கும்போது சில கேள்விகளைக் கேட்க வேண்டியிருக்கிறது. அந்தக் காலத்தில் ஏக்கருக்கு இத்தனை வண்டி குப்பை அடித்தார்கள் என்கிறோம். யார் அடித்தார்கள்? மாட்டுக்கொட்டகையை வாரியது யார்? கிடை போட்ட இடையருக்கு ஊரில் என்ன மரியாதை? படியாளின் முதுகில் ஏறி வந்த மண்வளத்தைப் பாரம்பரியம் என்று கொண்டாடிவிட்டு, இன்று 'ஆள் கிடைக்கவில்லை, அதனால்தான் இயற்கை விவசாயம் கஷ்டம்' என்று அங்கலாய்க்கிறவர்களை நிறையக் கேட்டிருக்கிறேன். ஆள் கிடைக்காமல் போனது ஒரு விடுதலையும் கூட. இதைச் சேர்த்துப் பேசாத பாரம்பரியப் பேச்சு, சித்தர் கதையின் இன்னொரு பிரதிதான். அங்கே மீட்பர் தூர தேசத்திலிருந்து வருகிறார். இங்கே தூர காலத்திலிருந்து.

7

'மண் கண்ணெதிரே ஓடுகிறது, நீ சொல்லாடல் பேசுகிறாய்' என்று நண்பர்கள் கோபிக்கலாம். நியாயமான கோபம். மழை கட்டுரைக்காகக் காத்திருக்காது. நாளைக்கே வரப்புப் போட ஆள் கூப்பிட்டால் போக வேண்டியதுதான். 2005இல் சட்டமான நூறு நாள் வேலையில் பெண்கள் வெட்டிய வரப்புகளும் குட்டைகளும் எவ்வளவோ மழைநீரைப் பிடித்திருக்கின்றன. 'சும்மா உக்காந்து காசு வாங்கறாங்க' என்று கேலி பேசியவர்கள் அதைப் பார்க்கவில்லை.

நான் சொல்ல வருவது, வரப்பு நிற்பதும் கரைவதும் மண்வெட்டியால் மட்டும் முடிவாவதில்லை என்பது. 'விவசாயிகளோடு சேர்ந்து வேலை செய்வது' என்ற தொடரில் 'விவசாயி' யார் என்பதை முடித்துவிட்டு, 'சேர்ந்து' என்பதை மட்டும் விவாதிக்கிறோம். ராபர்ட் சேம்பர்ஸ் வழியாக வந்த பங்கேற்பு முறைகள், தரையில் கோலமாவால் ஊர் வரைபடம் போடுவது, பொரிகடலையை வைத்து எண்ணுவது எல்லாம் இந்த இடத்தில்தான் தடுக்குகின்றன. தரையில் வரைந்த படத்தில் ஓடை வரும், கோயில் வரும், கிணறு வரும். யார் நிலத்தை யார் ஓட்டுகிறார் என்பது வராது. சம்பந்தப்பட்ட இருவரும் அதே திண்ணையைச் சுற்றித்தான் நிற்கிறார்கள். ஒருவர் உட்கார்ந்தும் ஒருவர் நின்றும்.

ஆக, ஒரு சிறிய யோசனை மட்டும். ஊரில் மண்வள அட்டைகளை எடுத்து வையுங்கள். பக்கத்தில், 1969 சட்டம் கேட்கிற குத்தகைப் பதிவேட்டையும் வையுங்கள். இரண்டையும் ஒன்றாக வாசிப்போம். பதிவேடு வெற்றாக இருக்குமானால், அட்டையில் எழுதியிருக்கும் பெயரை நம்பி மண்ணுக்கு மருந்து எழுதிப் பயனில்லை. ஐந்து வருஷத்துக்கு நிலம் தன் கையில் இருக்கும் என்று எழுத்தில் உறுதி கிடைத்தால், பின்வரிசையிலிருந்து எழுந்த அந்த அம்மா என்ன செய்வார் என்று அவரிடமே கேட்டுப் பார்க்கலாம். முகாம் முடிந்து பேருந்து நிறுத்தத்தில் நான் கேட்டேன். "மொதல்ல மேட்டுப் பக்கம் கரை ஒசத்துவேன் தம்பி. ரெண்டு வருசம் கொள்ளு வெதச்சி மடக்கி ஓட்டுவேன். அப்புறந்தான் மல்லாட்ட." யாரும் அவருக்குப் பயிற்சி கொடுத்திருக்கவில்லை.